பெட்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?

1.3. பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒன்றின் குசினியில், போன் திரையில் அந்த எண் வந்து நின்றது. சிவசக்தி கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். வட்டத்துக்குள் முள் கொஞ்சம் ஏறி, தயங்கி, விழுந்தது. இந்தத் தடவை 1.1. அவளுடைய நிறுவனம் கேட்பது குறைந்தது ஐந்து எம்பிபிஎஸ்.

அன்று செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கொழும்பிலிருந்து அவளுடைய இணைய வேகத்தைச் சோதிக்கப் போகிறார்கள். ஐந்துக்குக் குறைந்தால் அவளுடைய ஐடியை மூடிவிடுவார்கள். ஐடி மூடினால் வேலை இல்லை.

சிவசக்திக்கு இருபத்தெட்டு வயது. லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, ஸ்பிரிங்வெளிக்கு மருமகளாக வந்தவள். அவள் செய்வது தொலைபேசி வேலை. தனியார் ஆஸ்பத்திரிகளில் டொக்டரைச் சேனல் செய்ய, அதாவது பார்க்க நேரம் பதிய, விரும்பும் தமிழ்க்காரர்கள் ஓர் இலக்கத்துக்கு அழைப்பார்கள். அந்த அழைப்பு இணையம் வழியாக மலையேறி அவளுடைய காதுக்கு வரும். மன்னாரில் இருந்து ஒருவர் இருதய டொக்டரைக் கேட்பார். அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தாய் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பார். சிவசக்தி பெயரையும் நேரத்தையும் பதிந்து, நம்பர் சொல்லி அனுப்புவாள். பேசிக்கொண்டிருக்கும்போது இணையம் நின்றால், அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. சிவசக்திக்கு மட்டும் சில விநாடிகள் அவர்களுடைய குரல் உடைந்து உடைந்து கேட்கும். "ஹலோ... மகள்... இருக்கிறீங்களா..." பிறகு அதுவும் போய்விடும்.

கடந்த மூன்று மாதங்களாக அப்படி நின்றுகொண்டே இருக்கிறது. மேற்பார்வையாளர் மதுரன் யாழ்ப்பாணத்துக்காரர். கோபப்பட்டுக் கத்துகிறவர் அல்ல. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

"சிவசக்தி, உங்கட லைன் திரும்பவும் அறுந்திட்டுது. மாசத்தில இருவத்தஞ்சு நாள் நல்லா வேலை செய்யிறியள். மிச்ச நாள் என்ன நடக்குது? மேல கேக்கினம், நான் என்ன சொல்லுறது?"

"மழை சார்."

"இஞ்ச கொழும்பிலயும்தான் மழை."

அந்த மிச்ச நாட்களில் என்ன நடக்கிறது என்று சிவசக்திக்குத் தெரியும். தெரிந்ததை ஆண்பிள்ளை ஒருவரிடம் போனில் சொல்ல முடியாது.

லயத்து வீட்டில் முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, நடுவில் காம்பரா என்கிற ஒரே ஓர் அறை, பின்னால் சமைக்கும் குசினி. காம்பராவின் மூலையில் சாமித் தட்டு. போன வருடம் ஆயுத பூசையன்று மரக்கறி லொறியில் வேலை செய்யும் அவளுடைய கணவன் ஜெயரூபன் வீட்டில் இருந்த எல்லாத் தொழில் சாமானையும் கழுவித் துடைத்து அந்தத் தட்டில் வைத்தான். தன்னுடைய அம்மாவின் கொழுந்துக் கூடை, தன்னுடைய ஸ்பேனர்கள், சிவசக்தியின் ஹெட்செட், அதுவரை ஜன்னலில் இருந்த ரூட்டர். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தான். பூசை முடிந்ததும் கூடை மலைக்குப் போயிற்று, ஸ்பேனர்கள் லொறிக்குப் போயின, ஹெட்செட் காதுக்கு வந்தது. ரூட்டர் மட்டும் அங்கேயே இருந்துவிட்டது. முருகன் படத்துக்குக் கீழே, பித்தளைத் தாம்பாளத்துக்குப் பின்னால், பச்சை விளக்கு மினுங்கியபடி.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பமானது. சாதாரண நாட்களில் வேகம் நன்றாக இருக்கும். அவள் வீட்டுக்குத் தூரமாகும் நாட்களில் மட்டும் விழுந்துவிடும். முதல் மாதம் தற்செயல் என்று நினைத்தாள். இரண்டாவது மாதமும் அதே நாட்களில் விழுந்தபோது கலண்டரை எடுத்துப் பார்த்தாள். மூன்றாவது மாதம் சந்தேகமே இல்லை. பெட்டி இப்போது சாமியினுடையது. அவளுடைய தீட்டு பெட்டிக்குத் தெரிகிறது.

இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் அவளிடம் ஒரு சாட்சி இருந்தது. நாடு முழுக்க மின்வெட்டு நடந்த வருடம், அவள் தூரமான ஒரு நாளில், இருட்டில் தடவி சாமித் தட்டில் இருந்த நெருப்புப் பெட்டியை எடுத்தாள். யாருக்கும் சொல்லவில்லை. அந்த வாரமே, வெலிமடையில் லீக்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஜெயரூபன் லொறியில் இருந்து வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அவன் படுக்கையில் கிடந்த மாதங்களில்தான் அவள் பாஸ்போட் எடுத்தாள். குவைத்தில் வீட்டு வேலை. மகள் தர்மிளாவை விட்டுவிட்டுப் போக வேண்டியது என்று எல்லாம் முடிவான நேரத்தில் இந்தத் தொலைபேசி வேலை கிடைத்தது.

அவளுடைய அம்மாவும் குவைத்துக்குப் போனவர்தான். அப்போது சிவசக்திக்கு ஒன்பது வயது. திரும்பி வந்தபோது அம்மாவை அடையாளம் தெரியவில்லை. இன்றைக்கும் எங்காவது மணிச் சத்தம் கேட்டால் அந்த மனுஷி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். தர்மிளாவுக்கு இப்போது நாலு வயது. பாஸ்போட் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. பதுளை ஏஜென்சிக்காரர் இன்னும் அடிக்கடி போன் எடுத்து, "என்னம்மா, யோசிச்சீங்களா?" என்று கேட்கிறார்.

அதனால் அவள் வேறு எல்லாக் காரணங்களையும் தேடிப் பார்த்தாள். முதலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் திருட்டுத்தனமாகப் பாவிக்கிறார்கள் என்று பாஸ்வேர்டை மாற்றினாள். மறுநாள் பீலியடியில், தண்ணீர் பிடிக்கும் வரிசையில் வைத்தே பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி கேட்டுவிட்டாள்.

"என்னா சிவசக்தி, பாஸ்வேர்ட மாத்திட்டியாமே? எங்க பய ஒரு கார்ட்டூன் பாத்தா ஒன் நெட்டு தேஞ்சிருமா?"

"தேயாதுக்கா. வேலைக்குப் பத்தல."

"பத்தாதுதான். கொழும்பு வேலையில்ல!"

வரிசை முழுக்கச் சிரித்தது. வேகம் மாறவில்லை. அடுத்து நிறுவனத்தில் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். பிளக் கீழே இருந்ததால் தட்டைத் தொடாமலே அதைச் செய்ய முடிந்தது. பலன் இல்லை. பிறகு பதுளை டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஷுக்ரியை வரவழைத்தாள். அவர் வந்தது ஒரு சாதாரண நாள். மேசை காம்பராவில் இருந்தது. அந்த இடத்தில் நின்று போனில் அளந்தார். இருபத்துநாலு.

"தங்கச்சி, டவுன்ல என்ட கடையிலயே இவ்வளவு வாறல்ல. இதுக்கா என்னய இந்த மலைக்கு ஏத்தினீங்க?" சாமித் தட்டை எட்டிப் பார்த்தார். "ரூட்டருக்கும் பொட்டு வெச்சி ஈக்கிறீங்க. ஓட்டையெல்லாம் சந்தனத்தால அடைபட்டு ஈக்குதே, சூடாகுமே. சாமிட எடம், நான் கை வெக்கல்ல. நீங்களே எடுத்துத் தாங்க, தொடச்சித் தாறேன்."

"பரவால்லண்ணே. அங்கேயே இருக்கட்டும்."

"எப்ப ஸ்லோ ஆகுது?"

"சில நாளைக்குங்க."

"மழைக்கா?"

"ம். மழைக்குந்தான்."

பிழை இருக்கும்போது பார்த்தால்தான் பிழை தெரியும், அந்த நாளில் கோல் எடுங்கள் என்று சொல்லிவிட்டு ஷுக்ரி போனார். அந்த நாளில் அவரை எப்படி வரச்சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்தத் தை மாதம் மதுரன் சோதனைக்கு நாள் குறித்தார். வியாழக்கிழமை என்றதும் அவள் மனதுக்குள் நாட்களை எண்ணினாள். எண்ணியது சரியாகவே நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை வயிறு வலித்தது. மேசையையும் லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். இஸ்தோப்பில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு டீவிச் சத்தம் கோலில் கேட்கும். எனவே அந்த நாட்களில் அவளுக்கு எப்போதும் குசினிதான். படுக்கையும் அங்கேதான்.

புதன்கிழமை மாலை, வேறு வழி இல்லாமல் ஷுக்ரிக்குப் போன் எடுத்தாள். அன்றைக்கு மட்டும் நாலு கோல் அறுந்திருந்தது.

"இப்ப ஸ்லோவா ஈக்குதா? நல்லம். இப்ப நீங்க எங்க ஈக்கிறீங்க?"

"வீட்டுலதாங்க."

"வீட்டுல எங்க? பெட்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு தூரம்?"

சிவசக்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முகம் சூடாகியது. லயத்தில் அந்தச் சொல்லைப் பெண்கள் பெண்களிடம் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

"யாருங்க ஒங்களுக்குச் சொன்னா?"

"என்னத்த?"

"தூரம்னு."

"தூரமெண்டா தூரம்தானே தங்கச்சி, இதுல யாரு சொல்ல ஈக்குது? தூரமானா ஸ்லோ ஆகும். சின்னப் புள்ளக்கும் தெரியும்."

அவள் சுவரில் சாய்ந்தாள். தூரமானா ஸ்லோ ஆகும். மூன்று மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத வாக்கியம், ஒரு கடைக்காரருடைய வாயில் இருந்து இவ்வளவு சாதாரணமாக வந்தது.

"ஹலோ? எத்தன அடி எண்டு கேக்குறேன். நீங்க எங்க இருந்து வேல செய்யிறீங்க?"

"குசினியில."

"அன்டைக்கு மேச காம்பராவிலதானே இருந்துச்சு?"

"ஆமாங்க."

"ஏன் மாத்தினீங்க?"

ஷுக்ரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவருக்கும் வீட்டில் பெண்கள் இருந்திருக்க வேண்டும். அதைப் பிறகு கேட்கவே இல்லை.

"சரி, அது கெடக்கட்டும். நடுவுல என்னென்ன ஈக்குது?"

"கல்லுச் சொவரு. வெள்ளக்காரன் காலத்துச் சொவரு, ரொம்பத் தடிப்பு. குசினிப் பக்கம் தகரம் அடிச்சிருக்கு. அதுல சாத்தித் தண்ணி பெரல் வச்சிருக்கோம்."

"கல்லு, தகரம், தண்ணி. பெட்டிக்கு முன்னால பித்தளத் தாம்பாளம் வேற. இதுக்குள்ளால நானே வர ஏலா, வைஃபை எப்பிடி வாற?" ஷுக்ரி சிரித்தார். "கேளுங்க. டவர்ல இருந்து பெட்டிக்கு வாறது வேற. பெட்டியில இருந்து உங்களுக்கு வாறது வேற. ரெண்டுல எது பிழ எண்டு பாக்கணும். போன எடுங்க. இப்ப ஈக்கிற எடத்துல அளங்க. பொறகு கொஞ்சம் கொஞ்சமா பெட்டிக்குக் கிட்டப் போய் அளங்க. கிட்டப் போகப் போக நம்பர் ஏறினா பிழ தூரத்துல. ஏறாட்டி மட்டும் எனக்குச் சொல்லுங்க, டவரப் பாப்பம்."

"ரொம்பக் கிட்டப் போகணுமா?"

"தொடுற மாதிரி."

அன்று இரவு அவள் போகவில்லை. சாமித் தட்டுக்குக் கீழே மாமியார் ராசம்மா படுத்திருந்தார்.

வியாழன் காலை ராசம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போனார். தர்மிளா தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்துக்குப் போனாள். ஜெயரூபன் கொழும்பில் மரக்கறி இறக்கிவிட்டு லொறியில் திரும்பிக்கொண்டிருந்தான். மழை விடாமல் பெய்தது. பகல் சாப்பாட்டு இடைவேளையில் சிவசக்தி போனைக் கையில் எடுத்து எழுந்தாள்.

குசினி மேசையில் 1.3. தண்ணீர் பெரலுக்குப் பக்கத்தில் 1.9. அந்தச் சின்ன ஏற்றத்தை அவள் நம்பவில்லை. காம்பரா நிலைப்படியில் வந்து நின்றாள். இதற்கு மேல் இந்த நாட்களில் அவள் போனதில்லை. முள் ஏறியது. 6. பயத்தில் மறுபடி அழுத்தினாள். 4.1. இன்னும் ஒரு தடவை. 5.6. ஐந்தைத் தாண்டினாலும் சோதனைக்கு அதை நம்ப முடியாது, எந்த நொடியிலும் விழலாம்.

ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு மற்றக் காலை. கட்டில் அருகே 14. தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தில் அவளுடைய மூச்சே அவளுக்குக் கேட்கவில்லை. முருகன் படத்துக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திறந்தபோது 23.

மூன்றாம் நாள் தீட்டோடு நிற்கிறாள். நெருங்க நெருங்க எண் ஏறியிருக்கிறது. பெட்டிக்கு அவளைப் பற்றி எதுவும் தெரியவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்பது மட்டுமே அதற்குத் தெரிந்திருக்கிறது.

இது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. பெட்டிக்குத் தெரியாது, சரி. சாமிக்கு? பெட்டியை எடுக்க வேண்டுமானால் தட்டில் கை வைக்க வேண்டும். போன தடவை கை வைத்ததற்கு ஒரு கால் உடைந்தது. அந்தக் காலுக்கு உரியவன் இப்போது மழையில் மலைப்பாதையில் வந்துகொண்டிருக்கிறான். அவனுக்குப் போன் எடுத்தாள். அணைத்திருந்தது. மறுபடி எடுத்தாள். அணைத்திருந்தது. இரண்டு மணிக்கு இன்னும் அதிக நேரம் இல்லை.

"அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்று வாய்விட்டுச் சொன்னாள். "எனக்கு என்ன வேணாச் செய்யி."

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரம் மாதிரிச் சுட்டது. பின்னால் சுற்றிக்கிடந்த வயர் தாம்பாளத்தில் மாட்டி இழுத்தது. தாம்பாளம் சரிந்து சீமெந்துத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் லயம் முழுக்கக் கேட்டிருக்கும். குங்குமம் கட்டில் கால் வரைக்கும் சிதறியது.

அவள் அசையவில்லை. ஏதாவது நடக்கும் என்று நின்றாள். பக்கத்து வீட்டு டீவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

குங்குமத்தை அப்படியே விட்டுவிட்டு, வயர் எட்டும் மட்டும் பெட்டியை இழுத்து வந்து, நிலைப்படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் வைத்தாள். அங்கிருந்து குசினி மேசைக்கு நேர் பாதை. சுவர் இல்லை, தகரம் இல்லை. பச்சை விளக்கு நிதானமாக எரிந்தது.

இரண்டு மணிக்கு மதுரன் அழைத்தார்.

"ஓம், பத்தொன்பது காட்டுது. இன்னொருக்காப் பாப்பம்... பதினெட்டு. நல்லா இருக்கு. என்ன செய்தனீங்கள்?"

"எடத்த மாத்துனேன் சார்."

"எதின்ர இடத்தை?"

"பெட்டியோட எடத்த."

"அவ்வளவுதானே? இதை முதலே செய்திருக்கலாமே!" அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "சரி, ஐடி இருக்கும். லைனுக்கு வாங்கோ, ஆக்கள் காத்துக்கொண்டு இருக்கினம்."

பின்னேரம் முழுக்க ஒரு கோலும் அறுந்துபோகவில்லை. மன்னார், ஹட்டன், வவுனியா, எல்லாக் குரலும் பக்கத்தில் இருந்து பேசுவது போலக் கேட்டது. ஒவ்வொரு கோலுக்கும் நடுவில் சிவசக்தி தன்னுடைய போனில் ஜெயரூபனை அழைத்தாள். அணைத்திருந்தது. கண் டொக்டர் கேட்ட ஒருவருக்குக் கால் டொக்டரைப் பதிந்து, மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள்.

ராசம்மா நனைந்து வந்து சேர்ந்தார். கூடையை இஸ்தோப்பில் கவிழ்த்துவிட்டுக் காம்பராவுக்குள் போனவர் அப்படியே நின்றார். தரையில் குங்குமம். கவிழ்ந்த தாம்பாளம். தட்டில் பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"அத்தை, நான்தான். நான் தூரம்."

"தெரியுது. மூணு நாளா குசினியில கெடக்குற, எனக்குக் கண்ணு இல்லியா?"

"நெட்டு கெடைக்கல அத்தை. வேல போயிருக்கும். அதனால பெட்டிய..."

"நீயா எடுத்த?"

"ஆமாங்க அத்தை."

ராசம்மா தாம்பாளத்தை நிமிர்த்தினார். தட்டைப் பார்த்தார், சிவசக்தியைப் பார்த்தார்.

"ஆயுத பூசையில இருந்து அந்த லைட்டு சாமி மொகத்துல மினுக்கு மினுக்குன்னு அடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. வெளக்கு வைக்க எடமில்ல. நீ பக்தியில வச்சிருக்கேன்னு நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

"நானா? அவருல்ல வச்சாரு!"

"அவன் பூசைக்கு வச்சான். பூச முடிஞ்சா எடுக்கணும்னு இந்த வீட்டுல ரெண்டு பொம்பளைக்கும் தோணலையே." விளக்குமாற்றை எடுத்துக் குங்குமத்தைக் கூட்டத் தொடங்கியவர், குனிந்தபடியே குரலைத் தாழ்த்தினார். "அவன் போன் பண்ணானா?"

சிவசக்தி இல்லை என்று தலையாட்டினாள். கூட்டும் சத்தம் நின்றது. நெருப்புப் பெட்டி எடுத்த கதையை அவள் மாமியாரிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் ராசம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டார். மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். தேத்தண்ணி கேட்கவில்லை.

இருட்டுப் பட்டபோது தெரியாத நம்பரில் இருந்து கோல் வந்தது. ராசம்மாதான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னா புள்ள, கோல் எடுத்துப் பாத்தியா? போன் சார்ஜ் செத்துப் போச்சு, டிரைவரு போன்ல பேசுறேன். பெரகலைக்கு மேல மண்ணு சரிஞ்சி ரோட்டையே மூடிருச்சு. பகல் முழுக்க லொறிக்குள்ளதான். இப்பதான் ஒரு பக்கம் தெறந்திருக்கானுங்க."

"ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலியே? காலு?"

"காலு இருக்கு. ரெண்டும் இருக்கு."

"மண்ணு எத்தன மணிக்குச் சரிஞ்சிச்சு?"

"என்னா கேள்வி இது? விடியக்கால சரிஞ்சிச்சாம். நாங்க வர்றதுக்கு முன்னாடியே. ஏன்?"

அவள் பெட்டியைத் தொட்டது பகலில். மண் சரிந்தது விடியற்காலையில். சிவசக்தி அதை மனதுக்குள் ஒரு தடவை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை.

"சும்மாதான்" என்றாள். "பாத்து வாங்க."

சனிக்கிழமை ஷுக்ரி வருகிறார். நீளமான வயர் கொண்டுவந்து, சந்தனத்தைத் துடைத்து, பெட்டியை நிலைக்கு மேலே ஆணியடித்து மாட்டுவார். அன்று சிவசக்திக்கு ஐந்தாம் நாள். தலைக்குக் குளித்திருப்பாள்.